கடைசி பிலிமில் இரண்டு கைகள்

— படத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறீர், யோகம். திருப்பும்.

— எப்பிடித் திருப்பினாலும் இருட்டுத்தானே? இருந்த கடைசி பிலிம்! நாளைக்கு யப்பான் பட்டாளத்தான் அடையாளப் பாசுக்குப் படம் பிடிக்க எங்கட ஸ்ரூடியோவிலை வந்து நிண்டா என்ன செய்வியள்?

— அதை விடும். வெளிச்சத்தைப் பாரும். முகம் இல்லை, வீடு இல்லை. கறுப்புக்குள்ளை ரெண்டு கை மட்டும்... அந்த நரம்பு, நகத்திலை ஒட்டின சாம்பல்... என்ன வடிவு!

— கையெண்டாக் கழுவியெல்லோ படமெடுக்கோணும்?

— கையிலை என்ன இருக்கு, சொல்லும் பாப்பம்.

— ...மரவள்ளிக்கிழங்கு.

— இவ்வளவு வெள்ளையாவோ?

— தோல் உரிச்ச கிழங்கு.

— முனையிலை குமிழ் ஒண்டு தெரியுதே?

— இந்தக் காலத்துக் கிழங்கு எல்லாம் கோணல்தான். பசாரிலை ஆரோ ஒருத்தியின்ரை கையைப் போய்...

— இடது பெருவிரல்லை சூட்டுத் தழும்பு. இந்த டத்தோ கிராமாட் தெரு முழுக்க அது ஒராளுக்குத்தான் இருக்கு. கலியாணம் முடிஞ்ச கிழமை, எனக்குத் தோசை சுடப்போய்...

— குசினி யன்னலாலையோ எடுத்தனீங்கள்? கள்ளன்!

— அழாதையும்.

— அழாமல்? சத்தில்லாமல் வந்த உங்கட கால் வீக்கம் நெஞ்சுக்கு ஏறினா ஆள் தப்பாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். எலும்புச் சூப்புக் குடுக்கட்டாம். நீங்கள் முட்டைகூடத் தொடாத சைவம். கேட்டா, செத்தாலும் வேண்டாம் எண்டுவியள். செத்தா உங்களுக்கென்ன? நானெல்லோ இருக்கோணும்! அதுதான் இறைச்சிக்கடை இஸ்மாயிலிட்டைப் பின்கதவாலை எலும்பு வாங்கி... மிளகு ரசம் எண்டு பொய் சொல்லி...

— முதல் நாளே தெரியும்.

— என்னது?

— மிளகு ரசத்திலை கொழுப்பு மிதக்குமோ, விசரி?

— தெரிஞ்சுகொண்டோ குடிச்சனீங்கள்?

— யன்னலாலை பாத்தனான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சிவசிவா, சிவசிவா எண்டு எலும்பை உடைக்கிறீர். அந்தக் கையாலை தந்ததை வேண்டாமெண்டு சொல்ல நான் ஆர்?

— ம்க்கும்... பிறகேன் ஒவ்வொரு நாளும் பாதியை வைச்சிட்டு எழும்பினீங்கள்? எவ்வளவு பயந்து பயந்து காய்ச்சினனான்!

— படத்தை வடிவாப் பாரும். எது எலும்பு, எது உம்மடை விரல்? எனக்கே பிரிச்சுச் சொல்லேலாமல் கிடக்கு. அவ்வளவுக்கு மெலிஞ்சுபோனீர். அந்தப் பாதி உமக்குத்தான், யோகம்.

— எனக்கோ...

— சொன்னா நீர் வாயிலை வைக்கமாட்டீர் எண்டு தெரியும். என்ன செய்தனீர், எல்லாத்தையும் ஊத்திப்போட்டீரோ?

— இல்லை...

— பின்னை?

— நான்தான் குடிச்சனான். எனக்காக இல்லையப்பா... இந்தப் பஞ்சத்திலை தங்குமோ எண்டு பயந்துதான் உங்களுக்கும் சொல்லேல்லை. கமராவைக் கொஞ்சம் கீழை பிடிச்சிருந்தா என்ரை வயிறும் படத்திலை விழுந்திருக்கும். நாலு மாசம்.