கடல் தெரியும் வண்டி

மழை விட்டிருந்தது. கிள்ளானில் கோயிலுக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பூசைக்கு வந்த புதுப் பிக்கப் வண்டியைப் பெரிய டயர் மாட்டி ஆள் உயரத்துக்குத் தூக்கியிருந்தார்கள். ஐயர் நாற்காலியில் ஏறித்தான் அதற்குப் பொட்டு வைத்தார்.

"அதுல உக்காந்தா கடலே தெரியும்லா," என்றார் பக்கத்தில் நின்ற ஆன்டி, கனவில் பேசுவதுபோல்.

"மேகம்கூட கையில தட்டும் ஆன்டி," என்றாள் பேக்டரிச் சட்டை போட்ட பெண்.

ஐயர் இறங்கி, டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தார். அதற்குள் வண்டி மெல்ல நகர்ந்தது. நாலு பேர் கத்தி நிறுத்தினார்கள்.

ஓட்டியவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "ஏன், ஐயரு போயிட்டாரா?"

ஐயர் பழத்தோடு மெல்ல எழுந்தார்.

பஸ் வந்தது. ஏறும்போது ஆன்டி அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "ஓட்டுறவருக்குக் கடல் மட்டும்தாம்மா தெரியுது."