சீட்டில் எழுதியபடி

— பதினஞ்சு, பதினாறு, பதினேழு... பதினாலு, பதினஞ்சு...

— அக்கா, நில்லு. பதினேழுக்கு அப்புறம் பதினாலு எங்கேர்ந்து வந்துச்சு?

— பேசாதடி. பேசினா வயிறு தளர்ந்துடும். இடுப்பை இறக்காதே. பதினாறு...

— இறக்கிட்டேன். தொடை ரெண்டும் நடுங்குது. ஐந்நூறு பசங்களை மைதானத்துல நிக்க வெச்சு எண்ற பி.டி. டீச்சர் நான். என்கிட்டயே கணக்கை மாத்தறியே.

— ஐந்நூறு பேருக்கு எண்றவளுக்குத் தனக்கு எண்ணிக்கத் தெரியாதா? எதுக்கு என்னைக் காலங்காத்தால ஆறு மணிக்கு சைக்கிள் மிதிச்சு வரச் சொல்றே?

— எண்ண மட்டுமா வரச் சொன்னேன்? குழந்தையைத் தூக்கி வெச்சுக்க ஆள் வேணுமே. இவ அப்பா முதல் பஸ் எடுக்க அஞ்சு மணிக்கே போயிடறார். நான் பாயை விரிச்சா போதும், இந்த அம்மாவுக்கு மூக்குல வேர்த்துடும். நல்லா தூங்கிட்டு இருந்தாக்கூட எழுந்துடுவா.

— எழுந்து பாக்கட்டுமே. என் தோள்ல உக்காந்து உன்னை மேற்பார்வை பண்றா. என்னம்மா மேனேஜர், உங்க அம்மா சரியா செய்றாளா? இல்லையாம். இன்னொரு தடவை செய்யணுமாம்.

— அவ அப்படிச் சொல்லலை. ஏப்பம் விட்டா.

— எனக்குப் புரியுது, உனக்குப் புரியலை. சரி, விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிப்போம். பத்து, பதினொண்ணு...

— விட்ட இடம் பதினாறு! கடையில மாத்திரை எண்றப்போ ஒண்ணு கூடத் தப்பாது உனக்கு. பதினெட்டு வருஷமா ஒரு பாட்டில் கூட குறைஞ்சதில்லன்னு உங்க முதலாளி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார். இங்க வந்தா மட்டும் பதினேழு தாண்ட மாட்டேங்குது.

— அங்க கை காலியா இருக்கும். இங்க ரெண்டு கையும் வேலையா இருக்கே. விரல் மடக்கி எண்ண முடியலை.

— நல்ல சமாளிப்பு. அடுத்தது என்னன்னு சொல்லு.

— இரு, சீட்டைப் பாக்கறேன். ‘மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கவும். மூச்சை வெளியே விட்டபடி வயிற்றை உள்ளே இழுக்கவும். இருபது முறை.’ ஆமா, முதல் ஆறு வாரத்துக்குக் குடுத்த சீட்டு, எறும்பு மையில விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? இந்த ரெண்டாவது சீட்டு முத்து முத்தா இருக்கு. உங்க பிசியோதெரபி அம்மாவுக்குக் கையெழுத்து திடீர்னு திருந்திடுச்சு.

— புதுப் பேனா வாங்கியிருப்பாங்க.

— பேனாவுல திருந்தும்னா எல்லா டாக்டருக்கும் நானே வாங்கிக் குடுத்திருப்பேன். சரி, மூச்சை விடு. நீளமா விடுடி. பாதியில ஏன் வெட்டறே? எழுதறப்போதான் நெடிலை முழுங்குவே. மூக்கை முக்குன்னு எழுதி வெப்பே. மூச்சு விடறப்பவுமா?

— மூணாங்கிளாஸ் டிக்டேஷனை இன்னும் நீ மறக்கலியா?

— பத்து வார்த்தைக்கு எட்டு தப்பு. மறக்கிற விஷயமா அது? அடிச்சுத் திருத்தியும் திருந்தலை. ம், இழு. விடு. அப்படித்தான். ரெண்டு, மூணு...

— அக்கா, உன் தோள்ல போட்டிருக்கற அந்த மஞ்சள் துண்டு. வாத்து போட்டது. அது எங்க வாங்கினே?

— எண்ணிட்டு இருக்கறப்போ எதுக்கு அது?

— மூணு மாசமா தினமும் கொண்டு வர்றே, கொண்டு போறே. கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன்.

— கேக்கணும்னு இருந்தவ கேக்காமலே இருந்திருக்கலாம். நாலு வருஷம் முன்னாடி வாங்கினது. ஏழாவது மாசம் நடந்துட்டு இருந்துச்சு எனக்கு. அப்புறம் பீரோவுல இருந்துச்சு. ஒரு தடவை கூடத் துவைக்கலை. துவைக்க வேண்டி வரலை.

— அக்கா...

— இப்போ பாரு, தினம் உன் பொண்ணு பால் கக்கிக் கக்கி, துவைச்சுத் துவைச்சு, வாத்துக்கு அலகே காணாம போச்சு. நிறமும் வெளுத்துப் போச்சு. உங்க மாமா கூட நேத்து கொடியில காயறதைப் பாத்துட்டு, நல்லா வெளுத்திருக்குன்னு சொன்னார். சந்தோஷமாதான் சொன்னார்.

— மாமா எப்படி இருக்கார்?

— பேப்பரை முகத்துக்கு நேரா பிடிச்சுட்டு இருப்பார். நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும், இன்னிக்குச் சிரிச்சாளான்னு கேப்பார். பேப்பரை இறக்க மாட்டார். நானும் சிரிச்சான்னு மட்டும் சொல்லுவேன். அவ்வளவுதான் எங்க பேச்சு. ஆறு, ஏழு.

— பதினொண்ணு ஆச்சு.

— நான் எண்றேன், நீ செய். ஏழு.

— சரி, ஏழு. இழுத்துட்டே இருக்கேன், விரல் வெச்சுப் பாரேன். பிரசவத்துல விலகின வயித்துத் தசை நடுவுல இன்னும் பிளவு இருக்கா?

— சனிக்கிழமைதானே பாப்போம்?

— இன்னிக்குப் பாரு. சீட்டு இன்னிக்கோட முடியுது.

— தலையைத் தூக்கு. இவளை ஒரு நிமிஷம் இந்தக் கைக்கு மாத்திக்கறேன். ம். முதல் நாள் மூணு விரல் உள்ள போச்சு. இப்போ...

— இப்போ?

— ரெண்டு விரல் போகுது.

— அப்படியா? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. இன்னும் சரியாகலைன்னு.

— சரியாகலை. நல்லா அழுத்திப் பாத்தேன்.

— நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— என்ன சிரிக்கறே?

— கூசுது. நீ கையை எடுக்கவே இல்ல.

— ஓ. எடுத்துட்டேன். படு. வயித்தைத் தளர விடு.

— அக்கா, இன்னும் சரியாகலைன்னா, சீட்டுல நீயே ரெண்டு வாரம் சேத்து எழுதிடேன். உனக்குத் தெரியாத மருத்துவமா?

— வாயைக் கழுவு. டாக்டர் எழுதின சீட்டுல ஒரு புள்ளி கூட வைக்கக் கூடாது. எங்க தொழில்ல அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. போன மாசம் ஒருத்தர் வந்து, தூக்க மாத்திரை பத்துன்னு இருக்கறதை இருபதாக்கிக் குடுங்கன்னு கெஞ்சினார். கண்ணுல தண்ணியோட நிக்கறார். மாட்டேன்னுட்டேன். சீட்டுல எழுதினபடிதான் குடுப்பேன், எழுதினபடிதான் செய்வேன். ரெண்டு சீட்டுமா பன்னெண்டு வாரம்னு எழுதியிருந்துச்சு. வந்தேன். இன்னிக்கு முடிஞ்சுது.

— அப்போ நாளைக்கு?

— நாளைக்கு ஆறு மணிக்கு நான் கடையைத் திறக்கணும். முதலாளி மூணு மாசமா கேட்டுட்டே இருக்கார். காலைல திறக்க நம்பிக்கையான ஆள் வேணும்மா, நீ ஒருத்திதான் இருக்கேன்னு. தங்கச்சிக்கு வைத்தியம் நடக்குது, சீட்டு முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லியிருந்தேன். இன்னிக்குச் சாவி வாங்கிக்கணும்.

— சாயங்காலம் வரலாமே.

— எதுக்கு?

— சும்மா வாயேன். உன் தங்கச்சி வீடு. காரணம் வேணுமா?

— வேணும்.

— இது என்ன பிடிவாதம்?

— பிடிவாதம் இல்லடி. நான் சும்மா வந்தா, எதுக்கு வந்தேன்னு எனக்கே தெரிஞ்சுடும். சீட்டைப் பாத்து எண்ண வந்தேன்னா அது வேலை. வேலை முடிஞ்சதும் எழுந்து போயிடலாம்.

— தெரிஞ்சா என்ன?

— தெரிஞ்சா எழுந்து போக முடியாது.

— போக வேணாமே.

— அழாதே. மல்லாந்து படுத்துட்டு அழுதா காதுக்குள்ள தண்ணி போகும்.

— அழலை. வேர்வை. அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. ஆஸ்பத்திரியில மூணு நாள் கதவையே பாத்துட்டு இருந்தேன். யார் வந்தாலும் நீயான்னு பாத்தேன். எல்லாரும் வந்தாங்க. உன் மேல கோபம் கூட வரலை. ஏக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான். எனக்கு முதல் முதல்ல வலிச்சப்போ உன் பேரைத்தான் சொன்னேனாம். நர்ஸ் சொன்னாங்க.

— வந்தேன்.

— எங்க வந்தே?

— கீழ, மருந்துக் கவுன்ட்டர் வரைக்கும் வந்தேன். ரெண்டு நாள் வந்தேன். ரெண்டு நாளும் ஒரு பாக்கெட் பஞ்சு வாங்கினேன். ஏதோ எங்க கடையில பஞ்சே கிடைக்காத மாதிரி. மாடிப்படி எதிர்லேயே இருந்துச்சு. பதினேழு படி. எண்ணிட்டே நின்னேன். ஏறினா தூக்குவேன், தூக்கினா இறக்கி வைக்க முடியாதுன்னு பயம். திரும்பிப் போயிட்டேன்.

— ஏன் சொல்லலை?

— என்ன சொல்றது? பஞ்சு வாங்க வந்தேன்னா? நீ போன் பண்ணி, பிசியோ அம்மா உடற்பயிற்சி குடுத்திருக்காங்க, எண்ணவும் குழந்தையை வெச்சுக்கவும் ஆள் இல்லன்னு சொன்னியே, அன்னிக்குத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. வேலை குடுத்தே. அதனால வந்தேன்.

— வந்த அன்னிக்கு செருப்பைக் கூடக் கழட்டாம, சீட்டு எங்கன்னு கேட்டே.

— கேக்காம? நான் குழந்தையைப் பாக்கவா வந்தேன்?

— இல்ல, இல்ல. எண்ண வந்தே.

— ஆமா. கடைசி ஒண்ணு பாக்கி இருக்கு. சுவத்துல சாஞ்சு உக்காந்து எழுந்திரு. இருபது. சீக்கிரம் முடி, திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்கூலுக்கு வேற போகணும் நீ. விசில் எடுத்து வெச்சியா?

— எடுத்து வெச்சேன். ஊதிப் பாத்தேன், இவ சிரிக்கறா. மத்த பிள்ளைங்க எல்லாம் பயந்து ஓடும்.

— இவ எதுக்கும் பயப்படலை. என்னைப் பாத்துக் கூட முதல் நாளே சிரிச்சா. ஒண்ணு, ரெண்டு, மூணு. முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது. நாலு. ஏய் குட்டி மேனேஜர், என் மூக்குக் கண்ணாடியை விடு. அஞ்சு. நாளைக்கு உனக்கு யாரு கண்ணாடி போட்டுட்டு வருவா? ஆறு... ஆறு...

— ஏழு.

— ஏழு. எட்டு. ஒம்போது.

— மெதுவா எண்ணுக்கா. அவசரம் இல்ல.

— பத்து. பதினொண்ணு. மணி ஆறரை ஆகப் போகுது. பன்னெண்டு... பதினாறு, பதினேழு.

— பின்னாடி போகலியா இன்னிக்கு?

— போனா முடியவே முடியாது. பதினெட்டு. பத்தொம்பது. இருபது. அவ்வளவுதான். எழுந்து தண்ணி குடி. இந்தா, பிடி உன் பொண்ணை. கழுத்தைப் பாத்து வாங்கு.

— நீதான் அவளை விட மாட்டேங்கறே.

— நான் விட்டுட்டேன். அவதான் துண்டைப் பிடிச்சுட்டு இருக்கா. விடும்மா. கண்ணு, விடு. சரி, துண்டு இங்கயே இருக்கட்டும். எனக்கு எதுக்கு அது இனிமே?

— அக்கா, செருப்பு போடறதுக்கு முன்னாடி, அந்த அலமாரி மேல ஒரு கவர் இருக்கு பாரு. நேத்து சாயங்காலம் பிசியோ அம்மாகிட்ட போயிருந்தேன். சொல்ல மறந்துட்டேன்.

— நேத்தா? நேத்து அவங்க லீவு ஆச்சே. கடைக்கு வந்து இருமல் மருந்து வாங்கிட்டுப் போனாங்க.

— அது... காலைல லீவு. சாயங்காலம் வந்தாங்க. நீ சீட்டைப் படி முதல்ல.

— கண்ணாடி எங்க? உன் பொண்ணு கையில இருக்கு. குடும்மா. ‘இன்னும் 8 வாரம் தொடரவும். தினமும் காலை ஆறு மணி. அருகில் ஒருவர் அமர்ந்து எண்ண வேண்டும். அவரே குழந்தையை வைத்துக் கொள்ள வேண்டும்.’ அவரே. ம். நல்ல டாக்டர்தான்.

— ரொம்பக் கண்டிப்பானவங்க. மீறினா திட்டுவாங்க.

— அப்போ முதலாளிகிட்ட என்ன சொல்றது?

— வைத்தியம் முடியலைன்னு சொல்லு. ரெண்டு விரல் போகுதுன்னு நீதானே சொன்னே? அக்கா, என்ன அப்படிப் பாக்கறே? எதையாவது சொல்லேன்.

— பேனா இருந்தா குடு.

— எதுக்கு?

— குடுடி. ‘முச்சை இழுத்து விடவும்’னு எழுதியிருக்கு, போன சீட்டுலேயும் இதே முச்சுதான், ஆறு வாரமா நான்தான் நெடிலா படிச்சுட்டு இருக்கேன். டாக்டர் எழுதின சீட்டுன்னா கை வைக்க மாட்டேன். இதுல வைக்கலாம். முதல்ல மூச்சைத் திருத்தறேன், அப்புறம் அந்த எட்டுக்கு முன்னாடி ஒரு ஒண்ணு போட்டுக்கறேன்.