குப்புறப் பாலம்

கரி தின்கிற ரயில் ஓடின காலத்திலே, பட்டணம் கால் நீட்டிப் படுத்தால் இடிக்கிற தூரத்திலே, நொச்சித்தாங்கல் என்று ஒரு ஊர் இருந்ததாம். கிராமமும் இல்லை, பட்டணமும் இல்லை. வரி மட்டும் பட்டணத்து வரி.

ஊருக்கு நடுவிலே ஒரு ஓடை. அந்தக் கரையிலே ரயிலடி, ஆஸ்பத்திரி, சேர்மன் வீடு. இந்தக் கரையிலே ஓடைத்தெரு. ஓடைத்தெருவிலே வேதகிரி என்று ஒரு கல்தச்சர். இன்றைக்கு அந்தத் தெருவிலே பாதிப்பேர் அவர் வம்சம். மீதிப்பேரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

வேனிலிலே ஓடையை ஆடு தாண்டும். கார்த்திகையிலே யானை வந்தாலும் யோசிக்கும். அப்படி ஒரு கார்த்திகையிலேதான் வேதகிரியின் பெண்டாட்டிக்கு வலி எடுத்ததாம். ஆஸ்பத்திரி விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது, போக வழி தெரியவில்லை. பிள்ளை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. பிள்ளைக்குத் தெய்வானை என்று பேர் வைத்தார்.

பாலம் வரும் என்றார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்தார்கள், மாலை போட்டுக்கொண்டார்கள், ஓடைக்கரையிலே அடிக்கல் நட்டார்கள். கல் வந்தது, பாலம் வரவில்லை. அடுத்தவர் வந்தார், பழைய கல்லைப் பிடுங்கினார், அதைவிடப் பெரிய கல் நட்டார். கல் வந்தது, பாலம் வரவில்லை. எல்லாக் கல்லிலும் எழுத்து வெட்டினது யார்? வேதகிரிதான். வேறு யாருக்குத் தெரியும் அந்த வேலை?

மனு கொடுத்துக் கொடுத்து மனுஷன் சலித்துப்போனார். ஆபீஸ் குமாஸ்தா இவர் தலையைக் கண்டாலே, "சேர்மன் வெளியூர் கேம்ப்ல இருக்கார்"னு சொல்லுவானாம். சேர்மன் உள்ளே தும்முகிற சத்தம் வெளியே கேட்குமாம்.

இப்படி இருக்கும்போது, வளர்ந்து கல்யாணமாகிப் போன தெய்வானை நிறைமாசமா அப்பன் வீட்டுக்கு வந்தாள். வானம் கறுக்க ஆரம்பித்தது. அவள் ஓடையைப் பார்ப்பாள், அப்பனைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்டிருந்தாலாவது தேவலை என்று வேதகிரிக்குத் தோன்றுமாம்.

அந்த நேரம் பார்த்துத் தணிகாசலம் என்று ஒரு புது சேர்மன் வந்து நின்றார்.

"வேதகிரி, பாலத்துக்கு அடிக்கல் நடணும்யா. போன ஆளு கல்லைவிட ஒரு சாண் ஒசரமா இருக்கணும்."

வேதகிரி பெருமூச்சு விட்டார். ஓடையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். மறுபடி ஓடையைப் பார்த்தார். அதற்கப்புறம் மெதுவாக் கேட்டார்: "முன்னிலைன்னு யார் பேருங்கய்யா போடறது?"

"வார்டு மெம்பருங்க பேரு போடு."

"எல்லாரும் எம் பேரு இருக்கணும்பாங்களே?"

"சரி, எல்லாரையும் போடு."

"வாழ்த்துரைக்கு உங்க மாமனாரைப் போடலைன்னா வீட்டுல அம்மா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

சேர்மன் முகம் வெளுத்தது. "போடுய்யா, போடு!"

"மச்சினருங்க?"

"அவனுங்களையும் போட்டுத் தொலை."

"நன்றியுரை? பந்தல்காரர்? மேளக்காரர்? எழுத்தும் பெருசா வேணுமே. ரயில்ல போறவன் அந்தக் கரையிலிருந்து படிக்க வேணாமா?"

"அட, ஆமாய்யா! ரயில்ல போறவன் படிக்கணும்!"

பேர் ஏற ஏறக் கல் நீண்டது. மலையடியிலிருந்து ஒரே கல்லா வெட்டி, ஊரிலிருந்த மாடெல்லாம் பூட்டி இழுத்து வந்தார்களாம். நிமிர்த்தி வைத்தபோது உச்சியிலே கழுகு உட்கார்ந்து மூச்சு வாங்கிற்று என்பார்கள். நான் கழுகைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்திருக்கிறேன்.

ரயிலிலே போகிறவன் படிக்கவேண்டுமே, அதனாலே எழுத்து ஓடையைப் பார்த்து நின்றது. அடிக்கல் விழா முடிந்தது. மேளம் போயிற்று, பந்தல் போயிற்று, சேர்மனும் போய்விட்டார்.

மழை வந்தது. சும்மா மழையா? தவளையெல்லாம் கூரைமேலே ஏறி நின்ற மழை. ஓடை ரெண்டு கரையும் முட்டிப் போனது. விடிகிற நேரம் தெய்வானைக்கு வலி கண்டது.

வேதகிரி கடப்பாரையை எடுத்தார். குழியை அவரே ஆழமில்லாமல்தான் தோண்டியிருந்தார். ஓடைப்பக்கத்து மண்ணை நெம்பினார். ஈர மண் வழுக்கிக்கொடுத்தது. கல் ஒருதரம் தலையை ஆட்டியது. "போதும் சாமி, நின்னது போதும், படு"ன்னாராம். கல் படுத்தது. கால் இந்தக் கரையிலே, தலை அந்தக் கரையிலே.

சத்தம் கேட்டுக் குடையோடு ஓடிவந்தார் சேர்மன். "ஐயோ, எம் பேரு! எம் பேரை மிதிக்கிறீங்களாடா? தூக்குங்கடா கல்லை!"

அதற்குள் நாலு பொம்பளைகள் தெய்வானையைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு கல்மேலே பாதி வந்துவிட்டார்கள். முன்னாலே வந்த கிழவி நிற்கவே இல்லை. "தூக்கறவன் கொஞ்சம் பொறுத்துத் தூக்கு. பனிக்குடம் ஒடஞ்சிருக்கு"ன்னாள்.

வேதகிரி நனைந்துகொண்டே கையைக் கட்டி நின்றார். "யாரும் உங்க பேரை மிதிக்கலைங்கய்யா. பேரு அடியில பத்திரமா இருக்கு. நாங்க நடக்கறது வெறும் முதுகுமேலே."

சேர்மன் குனிந்து பார்த்தார். அடியிலே தண்ணீர் ஓடியது. தெய்வானை அவரைத் தாண்டிப் போனாள். குடையை அவள் தலைக்கு மேலே பிடித்தது சேர்மன்தான் என்று அவர் வீட்டார் சொல்கிறார்கள். இருக்கட்டும், சொல்லிக்கொள்ளட்டும்.

உச்சிப்பொழுதுக்குள் பெண் பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

மழை விட்டதும் வேதகிரி ஆபீசுக்குப் போனார். "இனிமேலாவது நிஜப் பாலம் கட்டுங்கய்யா. இப்போ கிடக்கறது வெறும் கல்லுதானே."

இந்தத் தடவை குமாஸ்தா கேம்ப் என்று சொல்லவில்லை. "உங்க ஓடைக்குத்தான் பாலம் வந்தாச்சே! சேர்மன் திறந்து வச்சதா எழுதியாச்சே! பாலம் இருக்கிற ஊருக்கு எதுக்கு இன்னொண்ணு?"

வேதகிரி சிரித்தாராம். அழுதார் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் அவரிடம் தெம்பில்லை, வீட்டுக்கு வந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டார் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்த நிஜப் பாலம் இன்றுவரை வரவில்லை. ஊர் நகராட்சி ஆகிவிட்டது, ஓடை சாக்கடை ஆகிவிட்டது, கல் மட்டும் அப்படியே கிடக்கிறது. பஸ் கண்டக்டர், "குப்புறப் பாலம் எறங்கு!" என்று கத்துவது அதைத்தான். நொச்சித்தாங்கலில் இப்போதும் யாராவது அடிக்கல் நட வந்தால் கூட்டம் கைதட்டாது. பின்னாலிருந்து ஒரு குரல், "நீளம் எட்டுமா?" என்று கேட்கும். நட வந்தவருக்கு அர்த்தம் புரியாது.

சேர்மன் பேரா? அது கல்லிலேயேதான் இருக்கிறது. பார்க்கவேண்டும் என்றால் சாக்கடையிலே இறங்கி, மல்லாந்து படுத்துப் படிக்கவேண்டும்.