முதலாம் ஆள்ட ரெத்தம்

ஓம், அந்தக் கொப்பியில கிடக்கிறதுதான். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கக்கூசுக்கு. ரெத்தம் இல்ல. வயித்துக்குத்து இல்ல. நானே எழுதினன், நானே ஒப்பம் வெச்சன். மறுகா என்னத்துக்கு டொக்டர் புள்ள, காத்தான்குடியில இரிந்து இந்த வெயிலுக்குள்ள தன்னாமுனைக்கு வந்தநீங்க?

ஆரு, நானா? ஊசி பிடிச்சதில நூத்தி இருவது பேரில என்ட ரெத்தம் முதலாவதா? சரிதான். பள்ளிக்கூடத்தில ஒருநாளும் முதலாம் ஆளா வராத சில்வெஸ்டர், கடைசியில குடல் புண்ணில வந்திட்டான்.

இரிங்க, வாறன்.

ம். சொல்லுங்க. தண்ணி குடிச்சது கூடிப்போச்சு, அதான்.

விளங்குது, விளங்குது. என்ட உடம்பே என்ட குடலக் கடிக்குது. கடிக்காம அடக்கத்தான் குளிசை. ஆனா குளிசை அடக்கினா, சளிக்காச்சல் வராம இரிக்கப் போடுற ஊசியும் உடம்பில பிடிக்காமப் போகும். பிடிக்குதா இல்லையா எண்டு பாக்கிறதுதான் உங்கட ஆராய்ச்சி. குளிசையும் நீங்களே தாறீங்க. முப்பது வருசம் கொழும்புக்கு பஸ் ஓடின ஆள், இது விளங்காதா?

ஒழுங்காத்தான் போடுறன். மாசாமாசம் வெறும் மட்டையக் கொண்டுவந்து தாறன்தானே. எண்ணிப் பாத்தநீங்க. ஒரு குளிசை மிஞ்சிக் கிடந்ததா?

றெபேக்கா, டொக்டருக்குத் தேத்தண்ணி! ஓ, புள்ளைய நித்திரையாக்குறாள். என்ட மகள். அவளுக்கும் இதே வருத்தம்தான். காணி பூமி ஒண்டும் குடுக்கல்ல, இதக் குடுத்திருக்கன். உங்கட ஆராய்ச்சிக்கு அவளும் வந்தவள். பால் குடுக்கிற தாய் எண்டு சேக்கல்ல. சட்டமாம். கிளினிக்கில துண்டு எழுதித் தாறாங்க. குளிசை வரல்ல, வெளியில வாங்கட்டாம். வெளியிலயும் இல்ல.

இப்ப நல்லாத்தான் இரிக்கிறாள். பாத்தநீங்கதானே, கன்னமெல்லாம் சதை வெச்சு.

இரிங்க. வாறன்.

என்ன அப்பிடிப் பாக்கிறீங்க? வயசாளி. உங்கட வாப்பாவுக்கும் இந்த வயசு வரும். எழுதிட்டீங்கதானே, வெளிக்கிடுங்களன். எனக்கு வேல கிடக்கு.

என்னது? திருப்பிச் சொல்லுங்க. என்னப்போல நாலஞ்சு பேர்ட ரெத்தத்தப் பாத்திட்டுப் பெரிய டொக்டர் அப்பிடிச் சொல்றாரா? இந்தக் குளிசை போடுற ஆக்களுக்கு ஒரு ஊசி காணுமாம், ரெண்டாவது தேவையில்லயாம். கிளினிக்கில எல்லாருக்கும் சொல்லப் போறீங்களா? றெபேக்காவுக்குமா? வாற கிழமை அவளுக்கு ரெண்டாவது ஊசி. அத நிப்பாட்டுவீங்களா?

போன மாரிக்குச் சளிக்காச்சல் வந்து பத்து நாள் ஒட்சிசனில கிடந்தவள், புள்ள.

அந்தக் கதவச் சாத்துங்க. அவளுக்குக் கேக்கப்படா.

கொப்பியத் திறங்க. பேனையும் எடுங்க. ரெண்டு எண்டு கிடக்கிறத வெட்டிட்டுப் பதினொண்டு எண்டு போடுங்க. ரெத்தம் இல்ல எண்டதையும் வெட்டுங்க. மாசிக்குப் பொறகு நான் ஒரு குளிசை வாயில வெக்கல்ல. உங்கட ஊசி எனக்குப் பிடிக்காம ஆருக்குப் பிடிக்கும்?

ஓம், மட்டை வெறும் மட்டைதான். அத வெறுமையாக்கினது அவள். ஆஸ்பத்திரிக்குக் குளிசை வந்திட்டுதெண்டு சொல்லித்தான் குடுத்து வாறன். நீங்க சொல்லிப்போடாதீங்க, மறுகா தொடமாட்டாள்.

மத்த நாலு பேர்ட வீட்டுக்கும் ஒருக்காப் போய்ப் பாருங்க. அங்கயும் ஒரு மகளோ பொஞ்சாதியோ கன்னம் வெச்சு இரிப்பாள்.

அவளுக்கு ரெண்டாவது ஊசியப் போடுங்க, அவ்வளவுதான். என்ட பேர வெட்டுறதெண்டா வெட்டுங்க. இந்த மாசக் குளிசை உங்கட பைக்குள்ளதானே கிடக்கு? அத மேசையில வெச்சிட்டு வெட்டுங்க. நான் ஒருக்காப் பின்பக்கம் போயிட்டு வாறன்.