அரை அங்குலச் சாம்பல்

— இன்னொரு தடவை பிரிக்கச் சொன்னீங்கன்னா இந்தக் கத்திரிக்கோலை உங்க கையில கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன், குமாஸ்தா சார்.

— கோவப்படாதீங்கக்கா. எண்ணிப் பாருங்க. புதுக் கொடியில ஒன்பது பட்டை இருக்கணும். எட்டுதான் இருக்கு.

— எண்ணத் தெரியாமலா இருபது வருஷமா இந்த மெஷின்ல உக்காந்திருக்கேன்? ஒன்பதும் தச்சாச்சு.

— சாம்பல் கலர் பட்டை எங்கேக்கா?

— உள்ளே. திருப்பிப் பாருங்க. மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவுல, தையலுக்குள்ள. தெரியுதா?

— அது ஏன்க்கா உள்ளே போச்சு?

— நானா போகச் சொன்னேன்? துணியை வெட்டினது யாரு? உங்க கொடிக் குழு. நாட்டுல இருக்கிற ஒன்பது ஜனத்துக்கும் ஆளுக்கொரு பட்டை, ஜனத்தொகைக்குத் தகுந்த அகலம்னு அளந்து, வெட்டி, சீல் வெச்சு அனுப்பியிருக்காங்க. ஒரு நூல் கூடக் கூடாது, குறையக் கூடாதுன்னு கடுதாசி வேற. தையலுக்குக் கொஞ்சம் துணி விடணுமேன்னு குழுவுல இருக்கிற பதினெட்டுப் பேர்ல ஒருத்தருக்குத் தோணணுமே!

— எல்லாருக்கும் சமமாத்தானேக்கா தையலுக்குத் துணி பிடிச்சிருக்கீங்க?

— சமமாத்தான். ரெண்டு பக்கமும் கால் கால் அங்குலம். எட்டு அங்குலச் சிவப்புல அரை அங்குலம் போனா யாருக்கு உறைக்கும்? சாம்பலோட மொத்த அகலமே அரை அங்குலம். என்ன மிஞ்சும், நீங்களே சொல்லுங்க.

— அதுக்கு மட்டும் கொஞ்சம் குறைச்சுப் பிடிங்களேன். ஒரு நூல் அளவு.

— ஒரு நாள் காத்து படபடன்னு அடிச்சாப் போதும், நார் நாராப் பிரிஞ்சு தொங்கும். அப்ப உங்க குழுவையா திட்டுவாங்க? தச்சவ யாருன்னுதான் கேப்பாங்க.

— ரிப்பன் மாதிரி மேல வெச்சுத் தச்சா?

— நேத்து நான் அதைத்தானே சார் சொன்னேன்! நீங்கதானே ஓடிப்போய்க் கேட்டுட்டு வந்தீங்க!

— ஆமாக்கா, மறந்துட்டேன். ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி உக்காந்த மாதிரி ஆயிடும், கூடாதுன்னு குழு முடிவு.

— பெயிண்ட் அடிக்கலாம்னேன். அதுக்கும் ஒரு முடிவு இருக்குமே?

— மழையில கரைஞ்சா அந்த ஜனமே கரைஞ்ச மாதிரி தப்பா அர்த்தம் வரும்னு...

— குழு முடிவு, குழு முடிவு! கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. பழைய கொடிக்கு ரெண்டே துண்டு. சாப்பாட்டு நேரத்துக்குள்ள நாலு கொடி தச்சுத் தள்ளிடுவேன். சரி, விடுங்க. ஒரு அங்குலத்துல சாம்பல் வெட்டி அனுப்பச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

— சாம்பலுக்குக் கூட்டினா மத்த எட்டுப் பேரும் எங்களுக்கும் கூட்டுன்னு நிப்பாங்க. எல்லாருக்கும் கூட்டினா கொடியோட அளவு மாறிடும். அதுக்குத் திரும்பக் குழு உக்காரணும். போன தடவை உக்காந்தவங்க எழுந்திரிக்க ஏழு மாசம் ஆச்சு. இன்னைக்கு மூணு மணிக்கு ஒப்புதல் கூட்டம்க்கா.

— அப்ப என் தலையைப் போட்டு உருட்டாதீங்க. இப்படியே மடிச்சு எடுத்துட்டுப் போங்க. யாராவது கேட்டா, உள்ளே இருக்குன்னு சொல்லுங்க. பொய்யா என்ன?

— பொய் இல்லதான். ஆனா கம்பத்துல ஏத்தினா தெரியாதேக்கா. இன்னைக்கு இதுக்குக் கையெழுத்து விழுந்துட்டா, இதை மாதிரியா வெச்சுத்தான் நாடு பூராத் தைப்பாங்க. இன்னைக்கு விட்டா எப்பவுமே விட்டதுதான்.

— விட்டா யாரு சார் அழப்போறா? நீலக்காரங்க வந்து, எங்க நீலம் வெளுத்திருக்குன்னு இதே மேஜையைத் தட்டிச் சண்டை போட்டாங்க. மஞ்சக்காரங்க நூல்கண்டைக்கூடத் தாங்களே கொண்டு வந்தாங்க. பச்சைக்காரங்க மூணு பேர் என் கழுத்துல கிடந்த டேப்பை உருவி அளந்தாங்க. தொல்லைதான், ஆனா அக்கறை இருக்கு, வந்தாங்க. இந்தச் சாம்பல்காரங்க கலரைக்கூட வாயைத் திறந்து கேக்கலையாமே?

— மத்தவங்க எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சினது அதுதான்க்கா. கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டாங்க.

— பாத்தீங்களா! அவங்களுக்கே இல்லாத அக்கறை உங்களுக்கு எதுக்கு? வாங்கற சம்பளத்துக்கு மேல எதுக்கு இப்படி மாரடிக்கிறீங்க?

— நீங்க பிரிங்கக்கா. ஒரு நூல் பிடிச்சுத் தைங்க. பிரிஞ்சு தொங்கினாலும் பரவாயில்லை. தெரிஞ்சாப் போதும்.

— பிடிவாதத்தைப் பாரு! நானும் கேக்கறேன், இந்தக் கொடி வேலை ஆரம்பிச்ச நாள்லேருந்து அந்த ஆளுங்க ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, இந்த வாசப்படியை மிதிச்சிருக்காங்களா சார்?

— தினமும் மிதிக்கிறேனேக்கா.