பீட்டர் அரசர் சிலையடியில் பிடித்த கை

என் பெயர் குகதாசன், தகப்பன் பெயர் சண்முகராசா, வயது 57, தொழில் பஸ் சாரதி, வதிவிடம் தோர்ண்டன் ஹீத். மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் பொலிசாருக்குத் தமிழில் சொல்கிறேன்.

கடந்த ஞாயிறு, மார்ச் 9ஆம் திகதி, பின்னேரம் மூன்று மணியளவில் நானும் மனைவி ரமாவும் டெட்ஃபோர்டில் தேம்ஸ் கரையிலுள்ள பீட்டர் அரசரின் சிலையைப் பார்க்கப் போனோம். ரஷ்யாவைச் சீர்திருத்திய அவர் கப்பல் கட்டப் படிப்பதற்கு அங்கே வந்து தங்கியவர். 1998இல் லண்டன் வரும் வழியில் ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் என்னையும் வேறு சிலரையும் மொஸ்கோவில் ஏழு மாதம் ஓர் அறையில் வைத்திருந்ததால், "உங்கட ராசாவைப் பாப்பம் வாங்கோ" என்று ரமா பகிடியாகக் கூட்டிச் சென்றார்.

சிலைக்குப் பக்கத்தில் வெறுமையான வெண்கல நாற்காலி ஒன்று உள்ளது. ரமா அதில் இருக்க நான் படம் எடுத்தேன். அப்போது சுப்பர்மார்க்கட் சீருடையில் இருந்த, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கம்பித் தடுப்பைக் கடந்து ஆற்றுப் பக்கம் நிற்பதைக் கண்டேன். நடந்து வந்த இருவர் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார்கள். அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பின் அவர் ரஷ்ய மொழியில் தனக்குள் பேசுவது கேட்டது.

"கிட்டப் போகாதேங்கோ, பாய்ஞ்சிடுவார்" என்றார் ரமா. நான் போனேன். எனக்கு அந்த மொழியில் பத்துச் சொல்லும் வராது. மொஸ்கோவில் எங்களுக்குச் சூப் கொண்டுவரும் கீழ்வீட்டு ரஷ்ய அம்மா ஒவ்வொரு முறையும் "சதீஸ்" என்பார். எங்களோடு இருந்த சதீஸ் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எழும்புவான். உட்காரச் சொல்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது. ரமா எழும்பிவிட்ட நாற்காலியைக் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உடனே கம்பிக்கு மேலாக அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் கையை இழுக்கவில்லை. அழுதார்.

அதன் பின் பொலிசார் வந்து அவரை உள்ளே தூக்கி நாற்காலியில் இருத்தினார்கள். கையை விடும்படி என்னிடம் இரண்டு தரம் சொன்னது கேட்டது. விரல்கள் விரியவில்லை. ரமாதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

நான் அந்த இளைஞரைத் தாக்கியதாக ஒருவர் சொல்லியிருக்கிறார் என்றீர்கள். அவருடைய கையிலுள்ள வீக்கமும் நகக்காயமும் என்னால் வந்தவை. மறுக்கவில்லை. அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளவும். அவர் ஆஸ்பத்திரியில் சாப்பிடுகிறார் என்று நீங்கள் சொன்னது போதும். அவருடைய பெயர் எனக்கு இன்னும் தெரியாது.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் கண்டதும் செய்ததும் தவிர இதில் வேறில்லை.

(ஒப்பம்) ச. குகதாசன்