மாதச் சந்தாவில் ஏறிய வயது

என் பெயர் காமினி, தகப்பனார் பெயர் ராமதாஸ், வயது 38. செபராங் ஜெயாவில் அண்ணன் கோகிலன் வீட்டில் மகள் தனுஜாவுடன் குடியிருக்கிறேன். பிறை வட்டாரத்தில் தொழிற்சாலை வேலை. யாரும் வற்புறுத்தாமல் நானாக ஜார்ஜ்டவுன் போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் கணவர் யுகேந்திரன் 2014 ஆகஸ்டில் கடல் பாலத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 29, மகளுக்கு மூன்று மாதம். அதன் பிறகு ஒவ்வொரு தைப்பூசத்திலும் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் குடும்பமாகப் படம் எடுக்கும்போது, என் வலப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டே நின்றேன். படம் எடுப்பவர்கள் "அக்கா, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க லா" என்பார்கள். நான் நகர்ந்ததில்லை.

இந்த வருடம் ஜனவரியில் மகள் சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்த்து, "அம்மா, அப்பா ஏன் உங்க தம்பி மாதிரி இருக்காரு?" என்றாள். அதன் பிறகு படம் திருத்தும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கினேன். ஏழு நாள் இலவசம், எப்போதும் நிறுத்தலாம் என்று போட்டிருந்தது. ஓசியில் கொடுப்பவன் எட்டாம் நாள் மடியில் கை வைப்பான் என்று தெரியாத ஆள் இல்லை நான். ஆனாலும், மகளின் பள்ளிச் செலவுக்காக அண்ணன் கொடுத்து வைத்திருந்த கார்டின் எண்ணை, அவரிடம் கேட்காமல் போட்டேன்.

செயலி என் கணவரின் மூன்று பழைய படங்களிலிருந்து முகத்தைப் படித்துக்கொண்டது. 2015 படத்தில் நான் விட்டிருந்த இடத்தில் அவரை நிறுத்தினேன். ஆறாம் நாள் சந்தாவை நிறுத்தப் போனபோது, படித்து வைத்த முகம் அழிக்கப்படும் என்று வந்தது. என் விரல் அதற்கு மேல் போகவில்லை. அதன் பிறகு மாதம் ஒரு படமாக, வருடத்துக்கு ஒரு வயது கூட்டி வந்தேன். 2019இல் மூக்குக் கண்ணாடி போட்டேன். 2022இல் சின்னத் தொப்பை வைத்தேன். என் சமையலுக்கு அது வந்திருக்கும். ஐந்தாம் மாதம் விலை மூன்று மடங்கானது. இது ஏமாற்று என்று தெரிந்தும் விட மனம் வரவில்லை.

அதன் பிறகு அண்ணன் வங்கிக் கணக்கைப் பார்த்து, தன் டயர் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்யும், கார்டு எண் தெரிந்த சிக்கந்தர் அண்ணன் மேல் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்தார். நேற்று சிக்கந்தர் அண்ணனை இங்கே விசாரித்ததை அறிந்து இன்று வந்தேன். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. உண்மையைச் சொன்னபோது என் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "காசு போவட்டும் லா, அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டார்.

இனி என் பெயரிலேயே கட்டிக்கொள்ளலாமே என்று அதிகாரி கேட்டார். என் கணவர் முகத்தைப் பிணையாக வைத்திருப்பவனிடம் என்னால் பேரம் பேச முடியாது. நாளை பத்து மடங்கு கேட்டாலும் கொடுப்பேன், இல்லாதபோது மறுபடி யாருடைய கார்டையாவது தேடுவேன். ஆகவே அதிகாரியின் முன்னிலையில் நானே சந்தாவை நிறுத்தினேன். நிச்சயமா என்று அது நான்கு தடவை கேட்டது. நான்கு தடவையும் ஆம் என்று அழுத்தினேன்.

கடைசிப் படத்தில் அவருக்கு வயது நாற்பது. இன்னும் இரண்டு வருடத்தில் நான் அவரை எட்டிவிடுவேன். அதன் பிறகு மறுபடியும் அவரைவிட மூத்தவள் ஆவேன்.

இதில் எழுதியிருப்பது நான் சொன்னதே. வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை, அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) காமினி